சிவப்பு அடுக்குப் பிள்ளைத்தாச்சிகள்

பேராச்சிக்கு எலியைக் கண்டு பயம் கிடையாது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருக்கிறவள் எலிக்குப் பயந்தால் குடியிருந்த மாதிரிதான். கேம்பில் எலியை விரட்டினால் ஒரு பைசா கிடையாது. செம்பூரில் எலிக்குத் தீனி வைத்தால் மாதச் சம்பளம் உண்டு. உலகம் இப்படிக் கிறுக்குப் பிடித்துக் கிடக்கிறதே என்று கூண்டு கழுவும்போதெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

அது அறுபத்தாறாம் வருஷம். செம்பூரில் ஆலைகளுக்கு நடுவே ஒரு பரிசோதனைக்கூடம். மனிதர்கள் தின்னப்போகிற சாமான்களை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிற இடம். பேராச்சி அங்கே மூன்று வருஷமாக வேலை பார்த்தாள். ஆனால் காகிதத்தைப் பார்த்தால் அவள் எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றவளே இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள், இரண்டு நாள் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெர்மனென்ட் ஆகிவிட்டால் காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் வரும். தோல் பதனிடும் ஷாப்பில் புருஷன் இசக்கிப்பாண்டிக்கு வேலை இல்லாத மாதமும் அடுப்பு எரியும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எலி மூத்திர நாற்றத்தில் அவள் மூன்று வருஷம் தவம் கிடந்தாள்.

அந்த வருஷம் ரமணிக்லால் சேட் வந்து சேர்ந்தார். லட்டுக்கும் ஜிலேபிக்கும் போட ஒரு புதுச் சிவப்புச் சாயம் வைத்திருந்தார். சாயம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கலர் என்றுதான் சொல்ல வேண்டும். முன்காலமாக இருந்தால் பேசாமல் டப்பாவில் அடைத்து விற்றிருப்பார். ஆனால் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சீமையில் பிள்ளைத்தாச்சிகள் ஏதோ மாத்திரை தின்று, கையும் காலும் இல்லாமல் பிள்ளைகள் பிறந்துவிட்டன. அதிலிருந்து உலகத்து ஆபீசர்கள் எல்லாரும் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரு புதுக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தின்கிறவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி, அவள் வயிற்றில் கிடக்கிறதே, அதற்கு?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அறுபது எலிகள் வந்தன. அறுபதும் பிள்ளைத்தாச்சிகள்.

டாக்டர் தாருவாலா அவற்றை மூன்று அடுக்காகப் பிரித்தாள். பார்சிக்காரி, ஐம்பது வயது, கல்யாணம் என்ற பேச்சையே அண்ட விடாதவள். அவள் வாயைத் திறந்து வைய ஆரம்பித்தால் துறைமுகத்துக் கூலிகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலோரத்து அடுக்கில் இருந்த இருபது எலிகளுக்கு வெறும் தீனி. நடு அடுக்குக்குக் கொஞ்சம் கலர் கலந்த தீனி. வாசலோரத்து அடுக்குக்கு ரத்தச் சிவப்பாகக் கலந்த தீனி. மனிதன் தின்பதைப் போல நூறு மடங்கு. இருபதாம் நாள் எல்லாவற்றையும் மயக்கம் போட்டு, வயிற்றைத் திறந்து, குட்டிகளை எண்ணி, எடை போட்டு, கைகால் பார்த்து எழுத வேண்டும். கூண்டுத் தீனியைத் தவிர வேறு எதையும் எந்த எலிக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் பேராச்சியிடம் இந்தியில் நாலு தடவை சொன்னாள்.

பேராச்சி நாலு தடவையும் தலையாட்டினாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த முதலாளிதான் வேலைக்காரியைக் கூப்பிட்டு "தாராளமாகக் கொடு" என்று சொல்லியிருக்கிறான்? அவள் வேலை பார்த்த பங்களாவில் எல்லாம் நாய்க்குக்கூட மிச்சத்தைப் போடாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அது பெரிய மனுஷர்கள் வாயில் வழக்கமாக வருகிற பேச்சு என்று நினைத்துவிட்டாள்.

வினை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

முன்பெல்லாம் அவள் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அதைக் கெடுத்தது அனந்தகிருஷ்ணன். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்கா வாசம், பரிசோதனைக்கூடத்தில் அசிஸ்டென்ட். அவள் தூக்குச்சட்டியைத் திறந்தால் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். "கருவாட்டு நாத்தம் தாங்கல்லை ஸார்" என்று மேலே எழுதிப் போட்டு அவளை வராந்தாவிலிருந்து கிளப்பிவிட்டார். வேறு இடம் ஏது? எலிக்கூடத்துக்குள்ளேயே, வாசலோரம், சிவப்பு அடுக்குக்கு எதிரில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் நாள் சட்டியைத் திறந்ததும் இருபது பிள்ளைத்தாச்சிகளும் பின்னங்காலில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தன. தின்ற சாயத்தில் மூக்கெல்லாம் சிவப்பு. பேராச்சிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாச்சி பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் தின்றால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். இது அவள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எலிப்பிள்ளைக்கு மட்டும் காது இல்லையா என்ன?

"சவத்த, இந்தாங்கட்டி" என்று ஆளுக்கொரு துண்டு கருவாடு போட்டாள். மறுநாள் முருங்கைக்கீரை. அதற்கடுத்த நாள் கேப்பைக்களி, அவித்த நிலக்கடலை. வாய்விட்டுக் கேட்கிற ஜாதியாக இருந்தால் புளியும் மாங்காயும் கொண்டு வந்திருப்பாள். நடு அடுக்குக்கு மிச்சம் மீதி போகும். ஜன்னலோரத்து அடுக்குக்கு மட்டும் ஒரு பருக்கை கிடையாது.

"ஒங்களுக்கு என்ன கொறச்ச? ராசாத்தி கணக்கா வெள்ளத் தீனி திங்குறிய" என்பாள் அவற்றிடம். "இவளுவளுக்குத்தான் வெசத்தக் குடுத்து, நாளும் குறிச்சு வச்சிருக்கானுவ. ரெண்டு வாய் ருசியாத் திங்கட்டும்."

இதையெல்லாம் தடுக்கத்தான் ஆபீசில் அனந்தகிருஷ்ணனை வைத்திருந்தார்கள். தினமும் கூண்டு கூண்டாகப் பார்த்து, 'தீனி தவிர வேறெதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலேயே நிற்பார்.

"பேராச்சி, எல்லாம் சரியாக்கும்?"

"சரி சாமி."

கையெழுத்து விழுந்துவிடும். இருபது நாளும் இதே பேச்சு, இதே கையெழுத்து. கையெழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும்.

இருபதாம் நாள் பேராச்சி அறைக்குள் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டாக்டரையும் சேட்டையும் அவர்கள் வம்சத்தையும் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். அழுகையும் வந்தது. உள்ளே டாக்டர் தாருவாலா தராசைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தராசு பழுதாகிவிட்டதோ என்று.

வெறும் தீனி தின்ற எலிகளுக்கு எட்டு, ஒன்பது குட்டிகள். நூறு மடங்கு சாயம் தின்ற சிவப்பு அடுக்குக்குப் பதினொன்று, பன்னிரண்டு. எடையும் கூடுதல். ஒரு குட்டிக்குக்கூடக் குறை இல்லை.

"இது நடக்காத காரியம்" என்றாள் டாக்டர். அனந்தகிருஷ்ணனின் இருபது கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. "இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும்."

அதற்குள் சேட்டுக்குச் செய்தி போய்விட்டது. காரில் பறந்து வந்தார். வாயெல்லாம் பல். "இன்னொரு தடவை எதற்கு? கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்டேன். நீங்கள் நல்லது என்றே நிரூபித்துவிட்டீர்கள்!" அங்கேயே, எலிக்கூடத்து வாசலிலேயே, அவருக்கு யோசனை பிறந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு சிவப்பு லட்டு. அனுமதி வந்ததும் பம்பாய் பூராவும் விற்பது. அதற்கு முன்னால் ஏழைப்பட்ட கர்ப்பிணிகளுக்கு ஐந்நூறு லட்டு தர்மமாகக் கொடுத்து, பத்திரிகையில் படம் போடுவது.

பேராச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். "உங்கள் கேம்பில் கர்ப்பிணிகள் எத்தனை பேர்?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய மனுஷன் தன்னிடம் கணக்குக் கேட்கிறான் அல்லவா? "எங்க லைன்ல மட்டும் பதினொண்ணு, சேட்" என்று விரல் விட்டுச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பூமாரி பெயர்தான் முதலில் வந்தது. வருகிற சனிக்கிழமை வேன் வரும் என்று சேட் சொன்னார். திங்கட்கிழமை உன் பெர்மனென்ட் கடிதத்தை வாங்கிக்கொள், எலிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று டாக்டர் சொன்னாள். கடிதம் டைப் அடித்து மேஜைமேல் தயாராக இருந்தது. பேராச்சி அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

கேம்பில் செய்தி பரவ அரை மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலையில் குழாயடியில் அவளுக்கு ராஜ உபசாரம். குடத்தை வரிசையில் வைக்கவே விடவில்லை, "நீ புடிச்சுட்டுப் போக்கா" என்று வழிவிட்டார்கள். பூமாரிக்கு ஐந்தாம் மாதம். முதல் இரண்டும் தங்காமல் போய், கோயில் கோயிலாக ஏறி உண்டான மூன்றாவது.

"யக்கா, அந்த லட்டத் தின்னா புள்ள கொழுகொழுன்னு பொறக்குமாமே? எலிக்குப் பன்னெண்டு குட்டியாமே?"

"ஆமாட்டி" என்றாள் பேராச்சி.

"அப்படி அது என்னத்தக்கா தின்னுச்சு?"

கருவாடு என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்தது. கருவாடு, முருங்கைக்கீரை, களி, கடலை. பூமாரிக்கு அதைக் கொடுத்தாலும் பிள்ளை கொழுகொழுவென்றுதான் பிறக்கும். வெள்ளைத் தீனி அடுக்கு மெலிந்து கிடந்ததற்குக் காரணம் யார்? சேட் எதை நல்லது என்று நினைத்துக் குதிக்கிறான்? அவள் எழுத்துப் படிக்காதவள், ஆனால் எதைத் தின்றால் வயிறு நிறையும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவள் என்றைக்குமே இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் செம்பூருக்குப் போய் அனந்தகிருஷ்ணன் முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்து, நெற்றி விபூதிக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

"பகவானே! கருவாடா? என்னோட எலிகளுக்கா?"

"ஒம்ம எலியா? ஒரு நா உள்ள வந்து பாத்தீரா?"

"மெள்ளப் பேசு. இதோ பார், வாயை மூடிண்டிரு. சொன்னா உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணாக்கும் கல்யாணத்துக்கு நிக்கறது. கேட்டியா? அந்தக் கலரால குட்டிகளுக்கு ஒண்ணும் ஆகல்லையே. நல்லாத்தானே இருந்தது?"

"என் கருவாட்டுனால நல்லாருந்துச்சா, அந்தக் கலரு நல்லதா? ஒமக்குத் தெரியுமா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், கையெழுத்துப் போடத்தான் தெரியும். "தெரியாது" என்றார்.

"எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாதத, பூமாரி வாயில கொண்டுபோய்த் திணிக்கச் சொல்லுதீரு. அவ ரெண்டு புள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கா சாமி."

வெளியே சேட்டின் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஐந்நூறு லட்டும் அடுக்கடுக்காகத் தாம்பாளங்களில் வந்திருந்தன. கண்ணைப் பறிக்கிற சிவப்பு. போட்டோக்காரன்கூட வந்திருந்தான். டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சேட்டின் நெருக்கலுக்காக எழுதிய ரிப்போர்ட்டை வேண்டா வெறுப்பாகக் கையில் பிடித்து நின்றாள். பேராச்சி மேஜைமேல் கிடந்த தன் கடிதத்தை ஒரு தடவை பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பிறகு டாக்டர் முன்னால் போய் நின்று, பாதி இந்தியும் பாதி மராத்தியுமாக, முதல் நாள் கருவாட்டிலிருந்து கடைசி நாள் கடலை வரைக்கும் கொட்டித் தீர்த்தாள்.

சேட் விழுந்து விழுந்து சிரித்தார். "டாக்டர், இவள் பணத்துக்கு அடி போடுகிறாள். லட்டை நிறுத்துவேன் என்று மிரட்டுகிறாள். உங்கள் ஆள் இருபது நாளும் கூண்டு கூண்டாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, இந்தக் குப்பைக்காரி பேச்சா பெரிது?"

பேராச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வேலை போகும் என்று தெரியும், ஆனால் தன் பேச்சே எடுபடாமல் போகும் என்று தெரியாது. அவள் உண்மையைப் பொய்யாக்கும் இருபது கையெழுத்து அந்த மேஜைமேல் கிடந்தது.

"சாமி, சொல்லும்" என்றாள்.

அனந்தகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தாம்பாளத்தில் இருந்த லட்டைப் பார்த்தார். பேராச்சிக்கு அவரைத் தூக்கி எலிக்கூண்டில் அடைத்தால் என்ன என்று தோன்றியது.

"மிஸ்டர் அனந்தகிருஷ்ணன்" என்றாள் டாக்டர். "நீங்கள் கூண்டுகளைப் பார்த்தீர்களா, இல்லையா?"

"பார்க்கல்லை மேடம்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "ஒரு நாள்கூட உள்ளே போகல்லை. வாசல்லயே நின்னு கையெழுத்துப் போட்டேன். அந்த நாத்தத்துக்குப் பயந்துண்டு. அவ சொல்றது அத்தனையும் சத்தியமாக்கும்."

டாக்டர் தாருவாலா அப்புறம் பேசியதை இங்கே எழுத முடியாது. குஜராத்தியில் ஆரம்பித்து, இந்திக்கு வந்து, இங்கிலீஷில் போய் முடிந்தது. பாதி அனந்தகிருஷ்ணனுக்கு, பாதி பேராச்சிக்கு, கடைசியில் கொஞ்சம் தனக்கே. முடித்த கையோடு ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்தாள். சேட் பாய்ந்து வந்து கத்தினார். டாக்டர், "லட்டு கேம்புக்குப் போனால் நான் போலீசுக்குப் போவேன்" என்று ஒரே வாக்கியம் சொன்னாள். போட்டோக்காரன் மெதுவாக நழுவிவிட்டான்.

எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம் என்று முடிவாயிற்று. புதிதாக அறுபது எலிகள். அனந்தகிருஷ்ணனுக்குத் தண்டனை, காலையிலிருந்து சாயங்காலம் வரை எலிக்கூடத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பேராச்சிக்குத் தண்டனை என்று தனியாக ஒன்றும் இல்லை. அந்த மாதத்தோடு மூன்று மாதம் முடிந்தது. இந்தத் தடவை இரண்டு நாள் கழித்து யாரும் கூப்பிடவில்லை.

கேம்பில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வந்த லட்டை வாசலோடு திருப்பி அனுப்பியவள் என்று பெயர் கட்டிவிட்டார்கள். பொறாமைக்காரி, வயிற்றெரிச்சல்காரி, தனக்குக் கமிஷன் கிடைக்கவில்லை என்று கெடுத்துவிட்டாள், இப்படி ஆளுக்கொன்று. குழாயடியில் அவள் குடம் கடைசிக்குப் போயிற்று. பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பேராச்சி தாதர் மார்க்கெட்டில் அழுகின வெங்காயம் பொறுக்கும் வேலைக்குப் போனாள். கண்ணில் நீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்காத வேலை, அந்த மட்டும் சௌகரியம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனந்தகிருஷ்ணன் கேம்புக்கே வந்துவிட்டார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டித் தாண்டி, வழி கேட்டுக் கேட்டு வந்து அவள் வாசலில் நின்றார். அவள் போட்ட பலகையில் உட்கார்ந்தார்.

"நேத்திக்கு ரெண்டாவது தடவை திறந்து பார்த்தோம்" என்றார். "அதே கலர். அதே அளவு. தீனியைத் தவிர ஒண்ணுமே குடுக்கல்லை. நானே பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"சொல்லும்."

"செவப்பு அடுக்கு இருபதுல ஏழுக்கு உள்ளே ஒண்ணுமே உயிரோட இல்லை. மத்ததுல குட்டி இருக்கு. ஆனா மேலண்ணம் பிளந்து, வால் இல்லாம, காலெல்லாம் வளைஞ்சு..." அவர் கையால் கண்ணை அழுத்திக்கொண்டார். "மேடம் எழுதிக் குடுத்துட்டா. அந்தக் கலர் இனிமே விக்கப்படாது. நீ மட்டும் அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா, பேராச்சி..."

பேராச்சிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இருவது நாளு பக்கத்துலயே இருந்தீரே, ஒரு வாய் குடுத்தீரா அதுகளுக்கு?" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. தான் போட்ட சோறுதான் அந்த விஷத்தை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கடிதத்தை வாங்கியிருந்தால் இந்த லைனில் பதினொரு வயிறு. சுவரில் சாய்ந்தாள். செத்துப்போன எலிகளுக்காகவும் அழுதாள், பதினொரு பேருக்காகவும் அழுதாள், போன வேலைக்காகவும் கொஞ்சம் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் பூமாரி வந்தாள். ஏழாம் மாத வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்தபடி வாசலில் நின்றாள். வேட்டியும் விபூதியுமாக இருந்த ஆளைக் கண்டதும், பேராச்சி முன்பு சொன்ன அடையாளத்தை வைத்து, யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"லட்டு ஆபீஸ்காரரா? நல்லாருக்குய்யா ஒங்க ஞாயம். எலிக்குக் குடுப்பிய, எங்களுக்குக் குடுக்க மாட்டியளோ? எல்லாம் இந்தப் பாதகத்தி செஞ்ச வேலை. எம் புள்ளைக்கு வந்தத இவதான் தட்டிப் பறிச்சா."

அனந்தகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "அம்மா, நீ தெரியாமப் பேசறே. இவ என்ன பண்ணியிருக்கான்னா, அந்தக் கலர்..."

"சாமி!" என்று ஓர் அதட்டல் போட்டாள் பேராச்சி. அவர் காதோரம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு பறிகுடுத்தவ. பிள்ளைத்தாச்சி காதுல போடுற சேதியா அது? வாயத் தெறந்தீரு, அந்தச் சாக்கடையில தள்ளிருவேன்."

அவர் திறந்த வாயோடு உட்கார்ந்தார். பேராச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூமாரி பக்கம் திரும்பினாள்.

"ஆமாட்டி, நாந்தான் பறிச்சேன். ஐந்நூறு லட்டையும் நானே தின்னேன். ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

"பாத்தீரா, அவ வாயாலயே சொல்லுதா" என்றாள் பூமாரி. "ஒன் வயிறு வெடிச்சுத்தான் சாவ."

"வெடிச்சா வெடிக்கட்டும். வெயில்ல நிக்காம வீட்டுக்குள்ள போ."